திரும்பாத சாவி

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் சிலருக்கு இந்தத் தொல்லை தெரியும். கதவில் சாவி நுழையும், ஆனால் திரும்பாது. பூட்டுக்குள் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் சமமாக நிறுத்தினால்தான் சிலிண்டர் சுழலும். சாவியோ தகடுகளோ தேய்ந்துபோனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை முறிந்துவிடும்!

சிலிண்டரை மாற்றுவது பெரிய வித்தையில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, சிலிண்டரோடு இணைந்த கம்பியை விடுவித்து, கிளிப்பை உருவினால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். புதிதை அப்படியே மாட்டினால் கதவுக்கு ஒரு சாவி, இன்ஜினுக்கு ஒரு சாவி. அது வேண்டாமென்றால், புதிய சிலிண்டரின் தகடுகளைப் பழைய சாவிக்கேற்ப அடுக்கித் தரச்சொல்லிப் பூட்டுக்காரரிடம் கேளுங்கள். அதற்கும் முன்னால், வீட்டிலிருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். தேய்ந்தது சாவி மட்டுமாகவும் இருக்கலாம்.