இரைப்பைப் புண்ணின் மூலம்

மருத்துவம் பயிலாத ரயில்வே எழுத்தராகிய நாம் நோயைப் பற்றிப் பேசத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. இரவுப் பணி செய்வோரும் வேளை தவறி உண்போரும் நம்முள் பலர். வயிறு எரிந்தால் காரத்தைக் குறைப்பதும், சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பதுமே நாம் அறிந்த வைத்தியம். எம் அலுவலக நண்பர் ஒருவர் இவ்வாறே பல்லாண்டு தள்ளினார். ஒருநாள் மலம் கறுத்தது. புண்ணிலிருந்து இரத்தம் கசிந்திருந்தது. மருத்துவமனையில் சேர்த்த பின்னரே நோயின் மூலம் ஒரு கிருமி என்று தெரிந்தது.

நெடுங்காலம் மருத்துவ உலகமும் கவலையையும் அமிலத்தையுமே குறை கூறி வந்தது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்னும் நோய்க்குறியியல் வல்லுநர், இரைப்பையினின்று எடுத்த திசுத் துணுக்குகளில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். அமிலத்தில் கிருமி பிழைக்குமா என்று பலர் ஐயுற்றனர். 1981-இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். இருவரும் 100 நோயாளரை ஆராய்ந்தனர். ஆயினும் கிருமியைத் தட்டில் வளர்க்கும் முயற்சி பலமுறை தோற்றது. 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தினும் சில நாள் மிகுதியாகக் கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது!

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமியை வளர்த்த நீரைத் தாமே பருகினார். சில நாட்களில் வாந்தி கண்டது. உள்நோக்கிச் சோதனையில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெலிகோபாக்டர் பைலோரி எனும் இக்கிருமி, யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சூழ்ந்த அமிலத்தைத் தணித்துக்கொண்டு பிழைக்கிறது. அதன் அத்தந்திரமே அதைக் காட்டிக் கொடுக்கிறது. அடையாளமிட்ட யூரியாவைப் பருகச் செய்து, வெளிவரும் மூச்சை அளந்தால் கிருமி உண்டா என்பது புலப்படும். மலச் சோதனையும் உள்நோக்கிச் சோதனையும் உண்டு. கிருமி காணின், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்துடன் நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பெரும்பாலும் 14 நாட்கள் தருவர். எரிச்சல் தணிந்ததும் பாதியில் நிறுத்தலாகாது. நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். மருந்து முடிந்து நான்கு வாரமேனும் கழித்து, கிருமி நீங்கியதா என மீண்டும் சோதிக்க வேண்டும்.

கிருமியுடையார் எல்லோருக்கும் புண் வருவதில்லை. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளாலும் புண் உண்டாகும். ஆதலால் கடையில் கேட்டு வாங்கி விழுங்காமல், மருத்துவரிடம் செல்வதே முறை. கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமற்ற மெலிவு, விழுங்குவதில் தடை ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

சொந்த ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு உடலே முதல். எம் நண்பர் இன்று நலமாக உள்ளார். முன்னரே சோதித்திருந்தால் பல்லாண்டு வேதனை மிஞ்சியிருக்கும். நம் இல்லங்களில் அத்தகையோர் இருப்பின், இவ்விழா முடிந்து செல்லும்போது அவர்களிடம் இச்செய்தியைச் சேர்ப்பியுங்கள்.