பனை நட்டவனும் சுரங்கம் தோண்டுவோனும்

தென்னை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான். பனை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது தமிழர் பழமொழி. நெல் விதைக்கும் உழவன் சில மாதங்களையே எண்ணுகின்றான். பனை நடுவோனோ தன் பேரன் காலத்தை எண்ணி நடுகின்றான். கைத்தொழில் உலகில் பனை நடுவோனுக்கு ஒப்பானவர் எவர் என வினவின், சுரங்கக் கம்பனியார் என்றே விடை கூறல் வேண்டும். கனடாவிலுள்ள சிகார் ஏரி யுரேனியப் படிவு 1981 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து தாது வெளிவந்ததோ 2014 ஆம் ஆண்டில். இடைப்பட்டவை 33 ஆண்டுகள். தாதுவின் விலையோ ஒரு கிழமைக்குள் ஏறவும் இறங்கவும் வல்லது. நெடுங்காலத்துக்குரிய முதலீட்டை நிலையற்ற விலையின்மீது கட்டியெழுப்புவது எங்ஙனம்? இதுவே சுரங்கக் கம்பனியின் திட்டக்காரர் முன் நிற்கும் வினா.

யுரேனியம், நிலக்கரி ஆகிய இரண்டும் மின்சாரம் ஆக்கப் பயன்படுவன. ஆயினும் அவற்றின் சந்தைகள் வெவ்வேறு தன்மையன. ஆயிரம் மெகாவாற்று ஆற்றலுடைய நிலக்கரி நிலையமொன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் தொன் நிலக்கரியை எரிக்கும். அதே ஆற்றலுடைய அணு உலைக்கு ஏறக்குறைய 200 தொன் இயற்கை யுரேனியம் போதும். ஆகவே நிலக்கரியில் புகையிரதப் பாதையும் துறைமுகமும் கப்பற் கூலியுமே பாதி வியாபாரம். யுரேனியத்திலோ போக்குவரத்துச் செலவு சிறிது, வாங்குவோரும் சிலரே. அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்வர். எங்கெங்கே உலைகள் எழுகின்றன என்பதும் யாவருக்கும் தெரியும். இத்துணை வெளிப்படையான சந்தையை முன்கூட்டிக் கணித்தல் எளிதன்றோ எனத் தோன்றலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1993 ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ருஷ்யாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ருஷ்ய அணுவாயுதங்களிலிருந்த 500 தொன் செறிந்த யுரேனியம், 2013 ஆம் ஆண்டு வரை, உலை எரிபொருளாக மாற்றப்பட்டது. எந்தச் சுரங்கத்திலிருந்தும் தோண்டப்படாத சரக்கு சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. 2000 ஆம் ஆண்டின் முடிவில் ஓர் இறாத்தல் யுரேனிய ஒட்சைட்டின் விலை ஏறக்குறைய 7 டொலராக இருந்தது. 2006 இல் சிகார் ஏரிச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. மறு ஆண்டில் விலை 130 டொலரைத் தாண்டிற்று. 2011 இல் யப்பானின் புக்குஷிமாவில் விபத்து நேர்ந்தது, உலைகள் மூடப்பட்டன, 2016 இன் இறுதியில் விலை 20 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. 2024 ஜனவரியில் அது மீண்டும் 100 டொலரைக் கடந்தது. ஆயுத ஒப்பந்தம், வெள்ளம், ஆழிப்பேரலை ஆகிய இவற்றுள் எதுவும் திட்டக்காரரின் கணக்கேட்டில் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை.

இவ்விரு சந்தைகளிலும் கால்வைத்து, இரண்டையும் விட்டு விலகிய கம்பனி ஒன்றுண்டு. 1873 ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுச் செம்புச் சுரங்கத்தை வாங்குவதற்காக அமைக்கப்பட்ட றியோ டின்டோ கம்பனியே அது. நமீபியப் பாலைநிலத்தில் 1976 ஆம் ஆண்டு தொடங்கிய றொசிங் யுரேனியச் சுரங்கத்தை அது நெடுங்காலம் நடத்தியது. அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலுள்ள றேஞ்சர் யுரேனியச் சுரங்கமும், குவின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் நிலக்கரிச் சுரங்கங்களும் அதன் கையில் இருந்தன.

அக்கம்பனியின் திட்டங்களுள் பிழைத்துப்போன ஒன்று ஆராயத்தக்கது. 2011 இல் மொசாம்பிக் நாட்டு நிலக்கரிப் படிவுகளை அது ஏறக்குறைய 370 கோடி அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கிற்று. கரியைச் சாம்பசி ஆற்றின் வழியே தெப்பப் படகுகளில் கடலுக்குக் கொண்டு செல்லலாம் என்பது திட்டம். அந்நாட்டு அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. புகையிரதப் பாதையோ போதிய கொள்ளளவு உடையதன்று. கரியின் அளவும் தரமும் எதிர்பார்த்தவாறு அமையவில்லை. 2013 ஜனவரியில் ஏறக்குறைய 300 கோடி டொலர் நட்டமெனக் கணக்கில் எழுதப்பட்டது. தலைமை நிருவாகியும் பதவி விலகினார். 2014 இல் அச்சொத்து 5 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. சந்தை விலையைக் கணிப்பதற்கு முன்னர், கரி கடற்கரையை எவ்வழியால் அடையும் என உறுதி செய்தல் வேண்டும் என்ற எளிய உண்மை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்கப்பட்டது.

2018 இல் றியோ டின்டோ தன் இறுதி நிலக்கரிச் சுரங்கங்களையும் விற்றது. 2019 இல் றொசிங் சுரங்கத்திலிருந்த பங்கைச் சீனக் கம்பனியொன்றுக்குக் கைமாற்றியது. 2022 இல் உக்ரேன் யுத்தம் மூண்டபோது, இரண்டாண்டுகளுக்கு முன்னர் தொன் 50 டொலரளவில் விலைபோன அவுஸ்திரேலிய நிலக்கரி 400 டொலரைத் தாண்டிற்று. சில ஆண்டுகள் பொறுத்திருந்தாற் பெரும் இலாபம் கிட்டியிருக்குமே எனச் சிலர் கூறலாம். ஆயின் 30 ஆண்டுத் திட்டத்தை ஓராண்டு விலைகொண்டு அளத்தல் முறையாகாது. ஒரே விலையை நம்பாது, தாழ்விலை, நடுவிலை, உயர்விலை என மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு, தாழ்விலையிலும் உயிர்வாழக்கூடிய சுரங்கத்தையே தெரிவு செய்தல்தான் விவேகம். நுரைச்சோலை மின்னிலையத்துக்காக நிலக்கரியை இறக்குமதி செய்யும் இலங்கை போன்ற நாடுகளுக்கும் இப்படிப்பினை பொருந்தும். விற்போனுக்கு இலாபமாகும் விலையேற்றம் வாங்குவோனுக்குச் சுமையன்றோ!

திட்டத்தின் இறுதி ஏட்டை மறத்தலாகாது. றேஞ்சர் சுரங்கம் 2021 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தியது. அதனைச் சூழ்ந்து கிடப்பது கக்காடு தேசியப் பூங்கா; அந்நிலத்துக்கு மரபுரிமை உடையோர் மிரார் மக்கள். தோண்டிய குழியை மூடி, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 160 கோடி முதல் 220 கோடி வரை அவுஸ்திரேலிய டொலர் ஆகுமென 2022 இல் மதிப்பிடப்பட்டது. அயலிலுள்ள ஜபிலுக்காப் படிவோ வளமானது. எனினும் மிரார் மக்கள் அங்கே சுரங்கம் வேண்டாம் என உறுதியாக நின்றனர். அவர்களது இசைவின்றி அது திறக்கப்படமாட்டாது எனக் கம்பனி 2005 இல் உடன்பட்டது. விலை 130 டொலர் கடந்த காலத்திலும் அப்படிவு தோண்டப்படவில்லை.

ஆகவே தாதுவின் தரமும் சந்தையின் விலையும் மட்டும் கணக்கல்ல. பாதையும், அரசின் இணக்கமும், மண்ணுக்குரியோரின் சொல்லும், மூடுவிழாவின் செலவும் முதல் நாளிலேயே ஏட்டில் ஏறவேண்டியன. பனை நட்டவன் அதன் பயனைக் காணாது போகலாம். ஆனால் அவன் விட்டுச் செல்வது நிழலும் நுங்கும். சுரங்கம் தோண்டியவன் விட்டுச் செல்வது வெறும் குழியாக இருத்தல் ஆகாது.