காகிதக் குழாய் ராக்கெட்



தீபாவளி நெருங்கிவிட்டால் லயத்துப் பின்புறங்களில் சில பிள்ளைகள் கூடிக்கொள்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பட்டாசைப் பிரித்து மருந்தை உதிர்ப்பார்கள். தீக்குச்சித் தலைகளைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். எங்கோ கிடந்த இரும்புக் குழாயில் அதை அடைத்து, "ராக்கெட் விடுகிறோம், சார்" என்பார்கள். அதட்டி விரட்டினால் மட்டும் போதுமா? அந்தப் பிள்ளைக்கு எழுந்த ஆசை நல்ல ஆசைதான். அதற்குப் பிடித்த வழிதான் பொல்லாதது. ஆகவே, முறையாக ராக்கெட் செய்வோர் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை இன்று காண்போம்.

இதே தொல்லை அமெரிக்காவிலும் இருந்தது. 1957 அக்டோபர் 4ஆம் நாள் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை வானில் ஏற்றினார்கள். உடனே அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் மோகம் பிடித்துக்கொண்டது. வீட்டில் மருந்து கலந்து உலோகக் குழாய்களில் அடைத்தார்கள். விரல் இழந்தவர்கள் உண்டு. உயிரையே இழந்தவர்களும் உண்டு. குழாய் வெடித்தால் அதன் ஒவ்வொரு துண்டும் கத்தி அல்லவா?

இதற்கு விடை கண்டவர் பெரிய விஞ்ஞானி அல்லர். நெப்ராஸ்கா மாநிலத்தில் காலணிக் கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர். 1954இல் தம் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து, காகிதக் குழாயால் ஒரு சிறு ராக்கெட் செய்தார். மருந்தும் தனியாக ஒரு காகிதக் கூட்டுக்குள் இருந்தது. எரிந்து தீர்ந்ததும் அதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். 1957இல் ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளருக்கு அதை அனுப்பிவைத்தார். ராக்கெட் பாதுகாப்பைப் பற்றி எழுதிவந்த ஸ்டைன், இதுதான் வழி என்று கண்டுகொண்டார். பிள்ளை மருந்தைத் தொடுவதில்லை. உடலில் இரும்பு இல்லை. இறங்கும்போது பாராசூட்டில் இறங்குகிறது. இந்த மூன்றும்தான் அடிப்படை.

இந்த ராக்கெட்டுகளின் மோட்டார்களுக்கு எழுத்துகளால் பெயர். ஏ, பி, சி என்று ஒவ்வோர் எழுத்துக்கும் வலிமையின் எல்லை இரட்டிப்பாகும். ஏ வகையின் எல்லை 2.5 நியூட்டன்-விநாடி, எச் வகையின் எல்லை 320. அதாவது 128 மடங்கு! எச் முதல் மேலுள்ளவை உயர்வலிமை ராக்கெட்டுகள். அமெரிக்காவில் 18 வயது நிரம்பியவர்களே, சங்கத்தாரின் முன் பறக்கவிட்டுச் சான்றிதழ் பெற்று, இவற்றைக் கையாளலாம். அந்தத் தேர்வில் எவ்வளவு உயரம் போனது என்று யாரும் கேட்பதில்லை. ஒழுங்காகப் பறந்ததா, உடையாமல் திரும்பி வந்ததா, அவ்வளவுதான்.

அப்படியானால் உறுதி எங்கிருந்து வருகிறது? ஒட்டிலிருந்து வருகிறது. செட்டாக விற்கும் பெட்டியில் நாலு அங்குலத் தடிப்பான காகிதக் குழாய், பிளாஸ்டிக் மூக்கு, ஒட்டுப்பலகையில் வெட்டிய வால்சிறகுகள், மோட்டாரைத் தாங்கும் சிறு குழாய், கயிறு, பாராசூட் எல்லாம் இருக்கும். வால்சிறகை வெளியில் மட்டும் ஒட்டிவைத்தால் தரையில் பட்டதும் பிய்ந்துவிடும். அதனால் பெரிய குழாயில் நீளமாகப் பிளவிட்டு, சிறகின் அடியை உள்ளே நுழைத்து, நடுவிலுள்ள சிறு குழாயோடும் சேர்த்து ஒட்டுகிறார்கள். வீட்டுத்தூணைத் தரையின்மேல் நிறுத்தாமல் குழி தோண்டி நடுகிறோமே, அதுபோல. ஒட்டுவது எபோக்ஸி என்னும் இரட்டைப் பசை. பளபளப்பான இடத்தில் அது பிடிக்காது. மணல்தாளால் தேய்த்தபிறகே பூச வேண்டும். சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவருக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கயிற்றுக்கும் அதே கவனம் வேண்டும். மூக்கு கழன்று தெறிக்கும்போது முழு உதறலையும் தாங்குவது அதுதான். பாராசூட்டுக்குத் தீப்பிடிக்காத துணியால் ஒரு போர்வை உண்டு.

அடுத்தது சமநிலை. அம்புக்கு முனையில் கனம், வாலில் இறகு. ராக்கெட்டும் அப்படியே. அதன் எடை மையம், காற்று தள்ளும் மையத்துக்கு முன்னால், குறைந்தது குழாயின் ஓர் அகலமாவது தள்ளியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலைகுப்புறச் சுழலும். காற்றின் மையத்தைக் கணக்கிட 1966இல் ஜேம்ஸ் பாரோமன் ஒரு முறை வகுத்தார். கணக்கு வராதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ராக்கெட்டின் பக்கத் தோற்றத்தை அட்டையில் வெட்டி, அடிக்கோலின் விளிம்பில் நிறுத்துங்கள். அது சாயாமல் நிற்கும் இடமே ஏறத்தாழ அந்த மையம். எடை மையத்தைப் பார்ப்பதோ மோட்டாரைப் பொருத்திய பிறகு. ஏனெனில் மோட்டார்தான் வாலைக் கனமாக்குகிறது.

பறக்கவிடும் நாளில் காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வீசக்கூடாது. எச் மோட்டார் என்றால் ஆட்கள் ஏறத்தாழ 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தீக்குச்சியே கிடையாது, மின்கம்பி வழியாகத்தான் பற்றவைப்பு. வேகம் பிடிக்கும்வரை சிறகுகளுக்குக் காற்றின் பிடி கிடைக்காது. ஆகவே ஒரு நெட்டைக் கம்பம் வழிகாட்டுகிறது. ஐந்து எண்ணி முடித்ததும் சீறிக்கொண்டு எழும்பும். மோட்டார் ஓரிரு விநாடியில் எரிந்து தீரும். அந்த வேகத்திலேயே மேலேறி, உச்சியில் தளரும் நேரத்தில் ஒரு சிறு வெடி மூக்கைத் தள்ளிவிட, பாராசூட் விரியும்.

பற்றாமல் போனால்? ஓடிப்போய்க் குனிந்து பார்ப்பதில்லை. மின்பெட்டியின் சாவியை எடுத்துவிட்டு முழுசாக 60 விநாடி காத்திருப்பார்கள். பெற்றோர்களே, அணைந்த பட்டாசை முகத்தருகே வைத்து ஊதிப் பார்க்கும் பிள்ளைகளிடம் இந்த ஒரு விதியையாவது இன்றிரவு சொல்லிவையுங்கள்.

இத்தகைய மோட்டார் நம் ஊர் மளிகைக் கடையில் வாங்கும் பொருளன்று. வீட்டில் செய்யும் பொருளும் அன்று. மருந்தே வேண்டாத ஒரு ராக்கெட் உண்டு. பிளாஸ்டிக் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்தில் சைக்கிள் பம்பால் அடைத்த காற்று. ஆசிரியர் உடனிருக்க, பள்ளித் திடலில் விடலாம். முதலில் வெறும் மூக்கோடு ஒரு முறை விடுங்கள். பிறகு மூக்குக்குள் ஓர் உருண்டை களிமண் வைத்து இன்னொரு முறை விடுங்கள். இரண்டும் எப்படிப் பறந்தன என்பதை நோட்டில் எழுதி, அடுத்த வாரம் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.