சுமைதாங்கிகள்



இன்று சில சொற்களைப் பற்றிப் பேசலாம். எல்லாம் தெரிந்த சொற்கள்தான். தூண், ஆணிவேர், அச்சாணி, சுமைதாங்கி. இவை பொருள்களின் பெயர்கள். ஆனால் மனிதர்களுக்கும் இந்தப் பெயர்களைச் சொல்கிறோம். "அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் தூண்" என்கிறோம். "இந்தச் சங்கத்துக்கு அந்த அம்மாதான் ஆணிவேர்" என்கிறோம்.

அச்சாணியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு வண்டி பெரியது. சக்கரமும் பெரியது. அச்சாணியோ சிறு இரும்புத் துண்டு. அச்சின் முனையில் செருகி இருக்கும். சக்கரம் கழன்று போகாமல் தடுப்பது அதுதான். சில ஊர்களில் கடையாணி என்பார்கள். திருக்குறளிலும் அச்சாணி வருகிறது. வண்டியைப் பார்ப்பவர் மாட்டைப் பார்ப்பார், சக்கரத்தைப் பார்ப்பார். அச்சாணியைப் பார்க்க மாட்டார். அது விழுந்தால் வண்டி குடைசாயும். அப்போதுதான் அதைத் தேடுவார்.

ஆணிவேரும் அப்படித்தான். மண்ணுக்குள் இருக்கிறது. யார் கண்ணிலும் படுவதில்லை.

இப்போது சுமைதாங்கி. பழைய சாலை ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டிருப்பார்கள். மேலே ஒரு கல் குறுக்காகக் கிடக்கும். தலைச்சுமையோடு நடந்து வருபவர், யார் உதவியும் இல்லாமல் அதில் சுமையை இறக்கி வைக்கலாம். இளைப்பாறலாம். பிறகு தாமே தூக்கிக்கொண்டு போகலாம்.

அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். அவள் தன் சுமையை இறக்கி வைக்கவே இல்லை. அவள் பெயரால் மற்றவர்கள் இறக்கி வைக்கட்டும் என்று நட்டார்கள்.

அப்படிப்பட்ட சாவுகள் குறைய வேண்டும் என்று இன்று வீடு வீடாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆஷா என்று பெயர். இந்தியில் ஆஷா என்றால் நம்பிக்கை. 2005ஆம் ஆண்டு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் இந்தத் திட்டம் தொடங்கியது. சுமார் 1,000 பேருக்கு ஓர் ஆஷா. அதே ஊர்ப் பெண். கர்ப்பிணிகளின் பெயரை எழுதுகிறார். தடுப்பூசி நாளை நினைவுபடுத்துகிறார். வலி கண்டால் நடுராத்திரியிலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார்.

2004–06ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் 1 லட்சம் பிரசவத்துக்கு 254 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20இல் அது 97 ஆகக் குறைந்தது. மருத்துவர், செவிலியர், ஆம்புலன்ஸ், சாலை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆஷாக்களின் நடைக்கும் பங்கு உண்டு. 2022ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்தது.

அங்கன்வாடியையும் நினைத்துப் பாருங்கள். ஆங்கன் என்றால் இந்தியில் முற்றம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் இந்தத் திட்டம் தொடங்கியது. பிறகு நாடு முழுவதும் பரவியது. அங்கன்வாடி இருப்பதால்தான் எத்தனையோ தாய்மார்கள் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடிகிறது.

இவர்களை மேடையில் தூண் என்கிறார்கள். கிராமத்தின் முதுகெலும்பு என்கிறார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் காகிதத்தில் என்ன சொல் இருக்கிறது? திட்ட விதியில் ஆஷா ஓர் ஊழியர் அல்ல. அவர் "தன்னார்வலர்". அவருக்குச் சம்பளம் இல்லை, "ஊக்கத்தொகை". சில மாநிலங்கள் மாதம் ஒரு தொகை சேர்த்துத் தருகின்றன. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவதற்குப் பெயர் "மதிப்பூதியம்".

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பல ஆண்டு உழைத்தவர் விலகும்போது கிடைக்க வேண்டிய தொகைக்குப் பணிக்கொடை என்று பெயர். அதற்காக 1972ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. குஜராத் மாநில அங்கன்வாடிப் பெண்கள் அதைக் கேட்டார்கள். "நீங்கள் வாங்குவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம்" என்று அவர்களுக்குப் பதில் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மதிப்பூதியமும் அந்தச் சட்டப்படி ஊதியம்தான், இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் முதுமைக் காலத்துச் சோறு அடங்கியிருந்தது.

படிக்கத் தெரிந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாராட்டும் சொல்லைக் காதால் கேட்கிறோம். உரிமை தரும் சொல்லோ காகிதத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அந்தச் சொல்லைத் தேடிப் படியுங்கள்.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். "அம்மாதான் எங்கள் சுமைதாங்கி" என்று பெருமையாகச் சொல்கிறோம். சுமைதாங்கி கல். அதற்கு முதுகு வலிக்காது. அம்மாவுக்கு வலிக்கும்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். நோட்டை எடுங்கள். நீங்கள் தினமும் நம்பியிருக்கும் ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் அவர்கள் செய்யும் வேலையை எழுதுங்கள். அதற்கும் பக்கத்தில், அவர்களுக்குக் கிடைப்பதை எழுதுங்கள். அடுத்த முறை கூடும்போது எல்லோரும் படித்துக் காட்டிப் பேசலாம்.