படத்துக்குப் பயந்த ராஜா

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சுப்பிரமணிய சிவா கண் மூடிய இந்தப் பாப்பாரப்பட்டி மண்ணில் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

சமுதாயத்தைத் தட்டி எழுப்புவது எழுத்துதான், படம் இல்லைன்னு எதிரணி அம்மா அருமையாப் பேசிட்டுப் போனாங்க. ஒண்ணு கேக்கறேன். 1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. மிச்சம் 94 பேரை எதைக் காட்டி எழுப்புவீங்க? (கைதட்டல்)

எழுத்துக்குப் பாரதியை மிஞ்ச ஆள் உண்டா? அவரே எழுத்து மட்டும் போதாதுன்னு நினைச்சார். 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படம் போட்டார். தமிழ்ப் பத்திரிகைகளில் அதுதான் முன்னோடி. படத்துக்குச் 'சித்திர விளக்கம்' எழுதினார். உடனே எதிரணி குதிக்குது, விளக்கம் எழுத்துதானேன்னு! கல்யாண விருந்துல இலை ஓரத்துல ஊறுகாய் வச்சா, ஊறுகாய் சாப்பிடத்தான் வந்தோம்னு சொல்வீங்களா? (சிரிப்பு)

1908 ஜூலையில் சிவாவுக்கும் வ.உ.சி.க்கும் தண்டனை. அடுத்து 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைது, ஐந்தாண்டு சிறை. அது எழுத்துக்காகக் கிடைச்ச தண்டனைதான், நான் மறுக்கலை. பாரதி புதுச்சேரி போனார். அக்டோபரில் 'இந்தியா' அங்கிருந்து வந்தது, படத்தோடயே!

புதுச்சேரி அன்னைக்கு பிரெஞ்சுக்காரன் ஊர். அந்த பிரான்ஸ் லேசுப்பட்டதா? 1831-ல் டோமியே என்ற இளைஞர் அந்த நாட்டு ராஜா லூயி பிலிப்பை வரைஞ்சார். சுண்ணாம்புக் கல்லுல எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால வரைஞ்சு, கல்லை நனைச்சு மை உருட்டினா, கோட்டுல மட்டும் மை ஒட்டும். காகிதத்தை வச்சு அழுத்தினா படம். அந்தப் படத்துல ராஜா பெரிய தொந்தியோட உக்காந்திருக்கார். வாயிலேருந்து தரைக்கு ஒரு பலகை. ஏழைகள் கூடைகூடையாக் காசைச் சுமந்து ஏறி வாயில கொட்டறாங்க. ஆசனத்துக்கு அடியில வந்து விழறது என்ன? பட்டமும் பதவியும்! (பலத்த சிரிப்பு) வரைஞ்ச கைக்கு ஆறு மாசம் ஜெயில்.

அதோட விட்டாரா ராஜா? 1835-ல் ஒரு சட்டம். கட்டுரையை அச்சடிக்க முன் அனுமதி வேண்டாம். படத்துக்கு மட்டும் வாங்கியே ஆகணும்! நடுவர் அவர்களே, நீங்க இன்னைக்குச் சொல்லப்போற தீர்ப்பை அந்த ராஜாவே எழுதிட்டுப் போயிட்டார். (கைதட்டல்) டோமியே சும்மா இருக்கலை. ராஜாவை வரையக் கூடாதா, சரி. வக்கீல், டாக்டர், வீட்டுக்காரர்னு ஊரையே வரைஞ்சார். 1879-ல், பார்வை மங்கிப் போய் இறந்தார். அந்தத் தணிக்கையை எடுத்த பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1881-ல் வந்தது. இரண்டே வருஷம்! அவருக்குக் கிடைக்காத அந்த நிழல், குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தியதால, புதுச்சேரியில் நம்ம பாரதிக்குக் கிடைச்சது.

பிரிட்டிஷ்காரன் பத்திரிகையை எல்லையிலேயே மறிச்சான். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்னுபோச்சு.

வெள்ளைக்காரன் கதையோட விடுங்கன்னு எதிரணி சொல்றது கேக்குது. சரி, 1987. நம்ம சட்டமன்றம் 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூணு மாசம் கடுங்காவல் விதிச்சது. தலையங்கத்துக்கா? இல்லீங்க, அட்டையில வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்கு! எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே விட்டாங்க. நடுவர் மணியில கை வைக்கிறார், உக்காந்துடறேன். வணக்கம்.