மருந்துப் பெட்டியோடு போன துறவி

இன்று பட்டம் பெறும் செல்வங்களே, உங்கள் கல்லூரி முதல்வர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியை அன்பின் மிகுதி என்று தள்ளிவிடுங்கள். மலேசியாவின் இந்தப் பாரிட் புந்தாருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டுக்காரர் மகனாகப் பிறந்தேன் என்பதும், நெடுங்காலம் வைத்தியம் பார்த்தேன் என்பதும் மாத்திரம் மெய்.

வைத்தியனை மேடையேற்றினால் இன்னொரு வைத்தியனைப் பற்றித்தான் பேசுவான். நான் பேசப்போகிறவர் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி, பாய்க்குப் பெயர்போன திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் பிறந்த குப்புசாமி. தஞ்சாவூரில் வைத்தியம் படித்து, 1909-இல் ‘அம்ப்ரோஸியா’ என்ற மருத்துவ மாதப் பத்திரிகையைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்திய அவர், 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். ஆசாரம் மிகுந்த குடும்பத்துப் பிள்ளை. கப்பலில் மாமிசம் கலந்த சாப்பாடாக இருக்குமே என்ற அச்சத்தால், தாயார் செய்து கொடுத்த இனிப்புப் பலகாரங்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். பிரயாணம் முழுவதும் அந்தப் பலகாரமும் தண்ணீருமே ஆகாரம்! சிங்கப்பூரில் இறங்கியபோது அரை உயிராக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வைத்தியம் படித்த மனிதர், தம் வயிற்றுக்கு இப்படியொரு பத்தியத்தை விதித்துக்கொண்டாரே என்று நான் பல முறை சிரித்ததுண்டு. ஆனால் யாரோ சமைத்ததை உண்ண அஞ்சிய அந்த இளைஞரே, பின்னொரு நாள் ரிஷிகேசத்து அன்ன க்ஷேத்திரத்தில் மற்றச் சாதுக்களோடு நின்று பிக்ஷை வாங்கி உண்டார் என்பதை நினைக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. இடையில் இருந்தவை பத்து ஆண்டுகள். அவை நம் நாட்டில் கழிந்த ஆண்டுகள்.

சிரம்பானுக்கு அருகே ஒரு தோட்ட ஆஸ்பத்திரியிலும், பின்னர் ஜொகூர் பாருவிலும் அவர் பணி செய்தார். அவர் வந்தபோது ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கங்காணிமார் ஊருக்குப் போய் ஆள் திரட்டிவந்த காலம். கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901-இல் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒடுக்கிக் காட்டியிருந்தும், தோட்டங்களில் மலேரியாக் குளிர்காய்ச்சல் ஓயவில்லை. நம் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் உழைத்து மடிந்தவர்களின் கதையும் இதுவே. பல தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களைக்கூட ஜாதி பார்த்துத் தனித்தனியே ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் டாக்டருக்கு அந்த வசதி கிடையாது. குளிர்காய்ச்சல்காரனின் இடது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, வீங்கிய மண்ணீரல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தடவிப் பார்த்தே ஆகவேண்டும். தொடாமல் பார்க்கும் வித்தை அக்காலத்து வைத்தியத்தில் இல்லை. வேதாந்தப் புத்தகங்களும் அவருக்கு உதவின என்பதை மறுக்கவில்லை. ஆயினும் சமத்துவம் என்ற பெரிய தத்துவம் அவருடைய விரல் நுனி வழியாகவே உள்ளே போயிருக்க வேண்டும் என்பது, அதே வேலையைச் செய்த என்னுடைய துணிபு.

1923-இல் உத்தியோகத்தை விட்டார். 1924 ஜூன் 1-ஆம் தேதி ரிஷிகேசத்தில் விசுவானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம் பெற்றுச் சிவானந்தர் ஆனார். இங்கே நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. துறவி எல்லாவற்றையும் துறந்தார், மருந்துப் பெட்டியைத் துறக்கவில்லை. பூர்வாசிரமத்தில் எடுத்திருந்த ஆயுள் இன்ஷூரன்ஸ் பணம் கைக்கு வந்தபோது, அதைக்கொண்டு 1927-இல் ரிஷிகேசத்தை அடுத்த லக்ஷ்மண்ஜூலாவில் தர்ம வைத்தியசாலை நடத்தினார். (இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் இந்தச் செய்தியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.) பத்ரிநாத யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்தனுப்பிய பிறகு, அதைவிட நல்ல மருந்தொன்று நினைவுக்கு வரவே, அதை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பல மைல் ஓடிப்போய்க் கொடுத்துத் திரும்பினாராம்.

1936-இல் அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் இந்த ஓட்டத்தின் தொடர்ச்சியே. சேவை என்ற சொல்லுக்குத்தான் அங்கே முதலிடம். தியானம் அதற்குப் பின்னால் வருகிறது. 1953-இல் சர்வமத மகாசபையைக் கூட்டி, எல்லாச் சமயத்தாரையும் கங்கைக்கரையில் ஒன்றாக அமரவைத்தார். அவருக்குப் பின் 1963-இல் தலைமையேற்ற சுவாமி சிதானந்தர், குஷ்டரோகிகளைத் தம் கையாலேயே பராமரித்தவர். சிவானந்தர் எழுதிய ஏறத்தாழ 300 நூல்களில் சில எனக்குச் சலிப்பூட்டுவன என்பதை ஒளிக்கமாட்டேன். ஒன்றையே ஓயாமல் சொல்வார். அந்த வைத்தியசாலைக்காக அவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம்.

கோலாலம்பூரில் நான் மருத்துவம் படித்த நாட்களில், பத்துமலை அருகேயுள்ள சிவானந்தாசிரமத்துக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் போவதுண்டு. பக்தியால் என்று சொன்னால் என் நண்பர்கள் நகைப்பார்கள். விடுதிச் சாப்பாட்டின் கொடுமையும் அங்கே கிடைத்த சாம்பாருமே காரணம். சாப்பிட்டவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும். என் பக்கத்தில் முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டு ஒரு வக்கீல் அடிப்பிடித்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குத் தண்ணீர் ஊற்றியவர் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர். “வக்கீல் ஐயா, அந்த மூலை இன்னும் கறுப்பா இருக்கு” என்று அவர் சொல்ல, வக்கீல் மறுபேச்சில்லாமல் மீண்டும் தேய்த்தார். இன்று நம்மவர் சேவை பல இடங்களில் மாலையும் பொன்னாடையும் பெரிய அட்டைக் காசோலையுமாகப் போய்விட்டது. புகைப்படக்காரர் வராவிட்டால் அரிசி மூட்டை கைமாறாது! எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

ஆயினும் சேவைக்காக உங்களில் எவரும் வேலையை விட்டுவிட்டு உலகத்தை உய்விக்கக் கிளம்ப வேண்டாம். கணக்கெழுதப் போகிறவர் கணக்கிலும், இயந்திரம் பழுது பார்க்கப் போகிறவர் இயந்திரத்திலும் சேவையைத் தொடங்கலாம். சிவானந்தர் காவி உடுத்துவதற்கு முன்பே பத்து ஆண்டுகள் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் சேவை செய்தார். அதற்கு மேலும் நேரம் இருக்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு வேலை உண்டு. ஞாயிறு காலையில் நான் இலவச வைத்தியம் பார்க்கும் இடத்தில் பெயர் பதியவும், இரத்த அழுத்தம் பார்த்து எழுதவும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். மலாய், சீனம் பேசத் தெரிந்தவராயின் இன்னும் நல்லது, வருகிறவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு. சம்பளம் கிடையாது, பசியாறல் உண்டு. விழா முடிந்ததும் பதிவாளரிடம் பெயர் கொடுங்கள்.