“எத்தனை கிலோ?” என்று கேட்டவர்
(கஹவத்தையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



நம் லயங்களில் யாரைப் புத்தியுள்ள ஆள் என்கிறோம்? நன்றாகப் பேசுகிறவரை. நாலெழுத்துப் படித்து டவுனில் வேலை பார்ப்பவரை. இதில் எங்களுக்கு முழுச் சம்மதம் இல்லை.

கோ. நடேசய்யரைப் பாருங்கள். தஞ்சாவூர்க்காரர், படித்தவர், பத்திரிகை நடத்தியவர். அந்தக் காலத்தில் துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அவர் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு புடவை வியாபாரியாக உள்ளே போனார். சனங்கள் படும் பாட்டைப் பார்த்தார், கேட்டார். அதற்குப் பிறகுதான் எழுதினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். அவ்வளவு படித்தவருக்கு, ‘நமக்குத் தெரியாது, போய்ப் பார்ப்போம்’ என்று தோன்றியதே!

அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் இன்னும் ஒரு படி மேலே. நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாது. நோட்டீஸ் அடித்துக் கொடுத்து என்ன பயன்? தொழிலாளர் படும் கஷ்டத்தையும் கேட்க வேண்டிய உரிமையையும் தெரிந்த மெட்டில் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தானே பாடினார். ஐயரைப் பேசும் அளவுக்கு நம் மேடைகளில் அம்மாளைப் பேசுவதில்லை. குறை நம்முடையதுதான்.

இனி நம் கதைக்கு வருவோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. எல்லோரும் சந்தோசப்பட்டோம். நம் மலையில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா மட்டும், “அது சரி தம்பி, எத்தனை கிலோ எடுக்கணும்?” என்று கேட்டார். “நல்ல நேரத்துல என்ன பேச்சு அக்கா, சும்மா இருங்க” என்று நாங்களே அவரை அடக்கினோம். கொஞ்ச நாளில் கிலோ கூடியது. எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பொறுப்பில் இருந்த நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என்று வந்தபோது முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனோம். பழைய சம்பளச் சிட்டைகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். அன்றன்று நிறுத்த கிலோவை ஒரு கொப்பியில் எழுதியிருந்தார். சிட்டையில் விளங்காததை மகளிடம் கேட்டுக்கொள்வாராம். அதில் அவருக்கு வெட்கமே இல்லை. இரண்டையும் வைத்துப் பார்த்ததில் இரண்டு மாதங்களில் பேர் குறைந்திருந்தது. அவர் சத்தம் போடவில்லை. கணக்கப்பிள்ளையிடம் கொப்பியை நீட்டினார். ஒரு மாதத்துப் பேர் திரும்பக் கிடைத்தது. மற்ற மாதத்துக்கு இன்னும் அலைகிறோம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயிலடியில் கூடுவோம். கடைசி மூன்று மாதச் சிட்டைகளைக் கொண்டுவாருங்கள். பால் வெட்டுகிறவர்கள் பால் அளந்த கணக்கையும் எடுத்து வரவேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். அக்கா கொப்பியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.